பிரின்டர் மறித்த பாதை
தமிழ்நாட்டில் கணினி: வரலாற்றுத் தொடர் – 17

கேரளம் தன் அரசுப் பள்ளிக் கணினிகளை லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாற்றிய கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அங்கே ஒரு தடவை முடிவெடுத்தார்கள், அதிலேயே நின்றார்கள். தமிழ்நாட்டில் அதே முடிவை மூன்று தடவை எடுத்தோம். 2007 வாக்கில் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் எடுத்தது. 2011-ல் விலையில்லா மடிக்கணினி வந்தபோது பாதி எடுத்தார்கள். 2014-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது அரசு அலுவலகங்களுக்கு உத்தரவாகவே போட்டார்கள். மூன்றாவது தடவை எடுக்க வேண்டி வந்ததென்றால் முதல் இரண்டும் என்ன ஆயின என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

இதைச் சென்னையில் உட்கார்ந்து பார்த்தால் விளங்காது. அங்கே மென்பொருள் கம்பெனிகள் இருக்கின்றன. ஐஐடி வளாகத்தில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடிய லினக்ஸ் பயனர் குழு இருந்தது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் இருந்தது, அண்ணா பல்கலைக்கழகம் இருந்தது. லினக்ஸில் ஏதாவது மக்கர் செய்தால் கேட்க ஆள் கிடைக்கும். ஆகவே இந்த இதழில் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் போவோம்.

விழுப்புரம் 1993-ல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த மாவட்டம். 2019-ல் கள்ளக்குறிச்சி தனியாகப் போகும்வரை மிகப் பெரிய மாவட்டம். நெல், கரும்பு, மல்லாட்டை. திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் உண்டு, மென்பொருள் பூங்கா கிடையாது. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம், விழுப்புரத்தில் 72-ஐத் தொடவில்லை. நான்கு திசையிலும் ரயில் போகும் ஜங்ஷன் ஊர். படித்த பிள்ளைகள் அந்த ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போய்விடுவார்கள். கணினி இந்த ஊர்களுக்குள் வந்தது கம்பெனி வழியாக அல்ல, கடை வழியாக.

அந்தக் கடைக்கு டி.டி.பி. சென்டர் என்று பெயர். முன்பக்கம் ஜெராக்ஸ் மெஷின், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இரண்டு கணினி, ஒரு லேசர் பிரின்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, கலெக்டர் ஆபீஸுக்குக் கொண்டுபோகும் மனு, கட்சிக் கூட்டத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாக அடிக்க வேண்டிய நோட்டீஸ் என்று வேலைக்குக் குறைவில்லை. மாவட்டத் தலைநகர் ஆகிவிட்டதால் மனுக்கள் கூடின. ஆபரேட்டர் திறப்பது அடோபி பேஜ்மேக்கர். கீழே ஓடுவது விண்டோஸ் 98, பிறகு எக்ஸ்பி. தமிழுக்கு பாமினி, வானவில், செந்தமிழ், ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துரு.

இந்த எழுத்துருக்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு பரவும்வரை, ‘க’ என்ற எழுத்தைக் கணினிக்குள் எந்த எண்ணில் வைப்பது என்பதை ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும் தன் இஷ்டப்படி முடிவு செய்தது. ஒரு கடையில் ஒரு எழுத்துருவில் அடித்த பத்திரிகையை வேறு எழுத்துரு வைத்திருக்கும் கடையில் திறந்தால் வரும் குப்பையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மீட்டர் கேஜ் பெட்டி பிராட் கேஜ் தண்டவாளத்தில் ஏறாது என்பது விழுப்புரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அதே சங்கதிதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாம், டாப் என்று இரண்டு குறியீடுகளை ஏற்றுப் பொதுப்பாதை போடப் பார்த்தார்கள். கடைத்தெரு அதைச் சட்டை செய்யவில்லை. பழைய வாடிக்கையாளரின் ஃபைலெல்லாம் பழைய எழுத்துருவில் கிடக்கிறதே!

இப்போது விலைக்கு வருவோம். விண்டோஸ், பேஜ்மேக்கர், ஃபோட்டோஷாப், கோரல்டிரா எல்லாவற்றையும் முறையாகக் காசு கொடுத்து வாங்கினால் கடையின் முதலீட்டில் கணினியைவிட மென்பொருளுக்குத்தான் அதிகம் போகும். யார் வாங்கினார்கள்? சென்னை ரிச்சி தெருவிலிருந்து பஸ்ஸில் வந்த சிடிதான் எல்லாக் கடைக்கும் மூலதனம். சீரியல் நம்பர் சிடி உறைமேலேயே பேனாவால் எழுதியிருக்கும். தமிழ் மென்பொருள்காரர்கள் மட்டும் உஷாராக, கணினியின் பின்பக்கம் செருகும் வன்பூட்டு வைத்து விற்றார்கள். அதையும் உடைத்தவர்கள் உண்டு.

மென்பொருளுக்குக் காசு தராமல் நகல் எடுப்பது திருட்டு என்று பில் கேட்ஸ் 1976 பிப்ரவரியிலேயே பொழுதுபோக்குக் கணினிக்காரர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியவர். அதே கேட்ஸ் 1998-ல் வாஷிங்டன் பல்கலைக்கழக மேடையில், சீனாவில் நடக்கும் நகலெடுப்பு பற்றிப் பேசும்போது, திருடுவதென்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிவிடுவார்கள், பிறகு வசூலித்துக்கொள்ளலாம் என்ற பொருளில் சொன்னார். விழுப்புரத்தில் நடந்ததை இதைவிடத் துல்லியமாக யாரும் விளக்கிவிட முடியாது என்பது என் கருத்து. லினக்ஸ் இலவசம் என்று மேடை போட்டுச் சொன்னவர்கள் இந்த ஊர்களில் எதிர்கொண்டது பல ஆயிரம் ரூபாய் விண்டோஸை அல்ல. ஐம்பது ரூபாய் சிடியை. விலையை வைத்து அதை ஜெயிக்க வழியே இல்லை.

சரி, லினக்ஸ் வந்ததா? வந்தது. ‘பிசி குவெஸ்ட்’ போன்ற பத்திரிகைகளோடு சிடியாக வந்தது. 2005-க்குப் பிறகு உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வெளியிட்டவர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் சிடியைத் தபாலில் அனுப்பினார்கள். வெளிநாட்டுத் தபால்தலையோடு, காசு வாங்காமல், இன்ஜினியரிங் கல்லூரி விடுதி முகவரிக்குப் பழுப்பு அட்டை உறை வரும். 2011-ல் அந்தச் சேவையை நிறுத்தும்வரை தமிழ்நாட்டு விடுதிகளில் எத்தனையோ அலமாரிகளில் அந்த சிடிக்கள் சேர்ந்தன. தமிழில் மெனு காட்டியதிலும் முந்தியது லினக்ஸ்தான். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் சேர்ந்து லினக்ஸின் கேடிஇ மேசைத்தளத்தைத் தமிழாக்கத் தொடங்கி சில ஆண்டுகள் கழித்தே விண்டோஸ் எக்ஸ்பியின் தமிழ் முகம் வந்தது. ஆனால் டி.டி.பி. ஆபரேட்டர் தமிழ் மெனுவைத் தேடவில்லை. அவருக்குத் தேவை பேஜ்மேக்கர், பாமினி, பிரின்டர்.

இதில் பிரின்டரின் கதை தனிக்கதை. மூல நிரல் திறந்திருக்க வேண்டும் என்ற இயக்கமே பிரின்டரில்தான் பிறந்தது. 1980 வாக்கில் அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவுக் கூடத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரின்டர் ஒன்று வந்தது. முந்தைய பிரின்டரில் காகிதம் சிக்கினால், அச்சுக்குக் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலைத் திருத்தி வைத்திருந்தார். புதியதில் அப்படிச் செய்ய முடியவில்லை. மூல நிரலே தரப்படவில்லை. அது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் இருப்பது தெரிந்து நேரில் போய்க் கேட்டார். வெளியே தரமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த ஆத்திரம் ஆறவேயில்லை. 1983 செப்டம்பரில் ஸ்டால்மன், மூல நிரல் திறந்த இயங்குதளம் ஒன்றைக் கட்டும் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991-ல் ஃபின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருநிரல் அதோடு சேர்ந்தபோது ஒரு முழு இயங்குதளம் கிடைத்தது.

கால் நூற்றாண்டு கழித்து நம்மூர்க் கடையிலும் பிரின்டர்தான் வழிமறித்தது. தமிழ்நாட்டில் ஜெராக்ஸ் கடைக்குக் கடை இருந்த லேசர் பிரின்டர் கேனான் எல்பிபி 2900. சின்னதாக, வெள்ளையாக, அடித்தாலும் சாகாத சாதனம். அச்சிட வேண்டிய பக்கத்தைத் தயாரிக்கும் வேலையைக் கணினியின் தலையில் கட்டிவிடுவதால் விலை குறைவு. அந்த வேலையைச் செய்யும் டிரைவர், நிறுவனத்தின் சொந்த மொழியில் பேசும். விண்டோஸில் சிடியைப் போட்டால் இரண்டு நிமிடம். லினக்ஸுக்கும் டிரைவர் வெளியிட்டார்கள். ஆனால் கறுப்புத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளை அடிக்க வேண்டும், பின்னணியில் ஒரு சேவையை உயிரோடு வைத்திருக்க வேண்டும். கணினியை அணைத்துப் போட்டால் அது எழுந்திருக்காமல் படுத்துக்கொள்ளும். வாசலில் மனுவோடு நாலு பேர் நிற்கும்போது எந்தக் கடைக்காரர் டெர்மினல் திறந்து உட்காருவார்?

இந்தப் பின்னணியில்தான் எல்காட்டின் முயற்சியைப் பார்க்க வேண்டும். 2006-ல் எல்காட் நிர்வாக இயக்குநராக வந்த சி. உமாசங்கர் ஐஏஎஸ், திருவாரூர் கலெக்டராக இருந்தபோதே அலுவலகங்களைக் கணினிமயமாக்கிப் பேர் வாங்கியவர். எல்காட் அலுவலகத்தையே முதலில் சூசே லினக்ஸுக்கு மாற்றினார். பிறகு பள்ளிகளுக்கு வாங்கிய ஆயிரக்கணக்கான கணினிகளை லினக்ஸோடு அனுப்பினார். தமிழ்நாட்டில் அதுவரை இவ்வளவு பெரிய அளவில், இவ்வளவு மேலிடத்திலிருந்து வேறு எவரும் இதைச் செய்ததில்லை. இதற்கு மனநிலைத் தயாரிப்பு 2003-லேயே நடந்திருந்தது. அந்த மே மாதம் புனேயில், அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம், முந்தைய ஆண்டு பில் கேட்ஸுடன் பேசியதைக் குறிப்பிட்டு, இருவர் கருத்தும் ஒத்துப்போகவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். இந்தியாவுக்கு மூல நிரல் திறந்த ‘ஓப்பன் சோர்ஸ்’ மென்பொருளே ஏற்றது என்றும் வாதிட்டார். ராமேசுவரத்துக்காரர் சொன்னதை நம் அதிகாரி ஒருவர் செய்து காட்டினார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

2008-ல் உமாசங்கர் எல்காட்டை விட்டுப் போனார். ஒரு அதிகாரியோடு வந்த கொள்கை அவரோடு மாற்றலாகிப் போவது நம் நிர்வாகத்தில் புதிதல்ல. கேரளத்தில் ஆசிரியர் சங்கங்களும் பாடத்திட்டமும் தேர்வும் சேர்ந்து லினக்ஸைப் பிடித்துக்கொண்டன; இங்கே கொள்முதல் ஆணை மட்டுமே பிடித்துக்கொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் மட்டும் விசித்திரமாக ஒரு முன்னேற்றம் ஏற்கெனவே நடந்திருந்தது. 2000-களின் நடுவிலேயே மேல்நிலைக் கணினி அறிவியல் பாடம் எம்எஸ் ஆபீஸைக் கைவிட்டு ஸ்டார் ஆபீஸுக்குப் போயிருந்தது. ஓப்பன் ஆபீஸின் மூதாதை அது. அதனால் ஒரு தலைமுறை மாணவர்கள் ஸ்டார் ஆபீஸ் ரைட்டரில் எந்த மெனுவுக்குள் எந்தக் கட்டளை இருக்கிறது என்று மனப்பாடம் செய்து தேர்வில் மதிப்பெண் வாங்கிவிட்டு, கடையில் போய் எம்எஸ் வேர்டில் பயோடேட்டா அடித்தார்கள்.

2011-க்கு வருவோம். அந்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் வாக்குறுதியாக வந்து, செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த திட்டம் விலையில்லா மடிக்கணினி. முதல் ஆண்டுக்கு மட்டும் 9.12 லட்சம் மடிக்கணினிகள். பின்னாளில் மொத்தம் ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. எந்த இயங்குதளம் போடுவது என்பதில் டெண்டர் கட்டத்திலேயே சர்ச்சை கிளம்பியது. தமிழ்நாட்டின் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தினர், பொதுப்பணத்தில் வாங்கும் கணினியில் லினக்ஸ் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார்கள். முடிவில் இரண்டும் வந்தன. ஒரு பக்கம் விண்டோஸ். மறுபக்கம், டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் 2007-ல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ்.

விழுப்புரம் மாவட்டத்தின் பிளஸ் டூ மாணவர் ஒருவரின் வீட்டில் அந்தப் பெட்டி திறக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். அந்த வீட்டின் முதல் கணினி அது. பல கிராமங்களில் தெருவுக்கே முதல் கணினி. பொத்தானை அமுக்கியதும் இரண்டு பெயர் வரும், சில விநாடி காத்திருக்கும், எதையாவது தேர்ந்தெடுக்கச் சொல்லும். பையன் எதைத் தேர்ந்தெடுப்பான்? பிரவுசிங் சென்டரில் பார்த்ததை. ஆர்வக்கோளாறில் பாஸ் பக்கம் போனவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு இன்டர்நெட் வேண்டும். அன்றைக்கு கிராமத்தில் இன்டர்நெட் என்றால் யூஎஸ்பி டாங்கிள். அந்த டாங்கிளை லினக்ஸில் செருகினால் பல நேரம் அது மோடமாகத் தெரியாது. உள்ளே ஒரு விண்டோஸ் நிறுவல் கோப்பை வைத்திருக்கும் சிடி டிரைவாகத் தெரியும். அதை மோடமாக மாற்றவும் தனி நிரல் உண்டு. அந்த நிரலை இறக்க இன்டர்நெட் வேண்டும்!

அடுத்த கட்டம் செல்போன் கடை. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரும் அதே கடையில் மடிக்கணினிக்கு ‘ஃபார்மட்’ அடித்துத் தருவார்கள். உள்ளே இருந்த முறையான விண்டோஸையும் சேர்த்து அழித்துவிட்டு, கிராக் செய்த விண்டோஸ் 7 அல்டிமேட் ஏறும். அரசு காசு கொடுத்து வாங்கிய உரிமம் போய், திருட்டு நகல் வந்து உட்காரும். இந்தக் கூத்தை மைக்ரோசாஃப்ட்காரர்களும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பாஸுக்கு ஒதுக்கிய இடம் காலியானதால் சினிமா சேமிக்க அவ்வளவு இடம் கூடுதல்.

மாணவர்களைக் குறை சொல்லும் பேச்சு அப்போது நிறைய அடிபட்டது. சுதந்திரத்தின் அருமை தெரியாதவர்கள், ஓசிக்குப் பழகியவர்கள் என்றெல்லாம் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு ஆசிரியருக்காவது பாஸ் லினக்ஸில் டாங்கிள் இணைக்கக் கற்றுக்கொடுத்திருந்தால், ஒன்றியத்துக்கு ஒருவராவது இதற்கென்று இருந்திருந்தால், பேச்சு வேறு. பெட்டியைக் கொடுத்தவர்கள் கூடவே ஆளைக் கொடுக்கவில்லை.

2014-ஐ ஒரு பத்தியில் முடித்துவிடலாம். ஏப்ரல் 8-ம் தேதியோடு எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை, அரசு அலுவலகங்கள் எக்ஸ்பிக்குப் பதில் பாஸ் லினக்ஸுக்கு மாற வேண்டும் என்று அறிவுறுத்தியது. நல்ல உத்தரவு. ஆனால் அரசாங்கத்தின் இணையத் தளங்கள் பலவே அப்போது இன்டர்நெட் எக்ஸ்புளோரரில்தான் ஒழுங்காகத் திறக்கும். மேசைமேல் அதே ரக பிரின்டர். ஓப்பன் சோர்ஸுக்கு முன்னுரிமை என்ற மத்திய அரசின் கொள்கை மறு ஆண்டு, 2015 மார்ச்சில் வந்தது. தாலுகா ஆபீஸ் மேசைகளில் அதன்பிறகும் விண்டோஸ்தான்.

இதற்கிடையே, உத்தரவு எதுவும் இல்லாமல் விழுப்புரத்தில் ஒன்று நடந்துகொண்டிருந்தது. விழுப்புரம் குனூ/லினக்ஸ் பயனர் குழு, சுருக்கமாக ‘வி-கிளக்’, 2010-களில் முளைத்தது. இன்ஜினியரிங் மாணவர்களும், சென்னையில் வேலை கிடைத்து வார இறுதியில் ஊருக்கு வரும் இளைஞர்களும்தான் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். லினக்ஸ் நிறுவிக் காட்டுவது, செப்டம்பரில் மென்பொருள் சுதந்திர தினம் கொண்டாடுவது இவையெல்லாம் எந்த ஊர்க் குழுவும் செய்வதுதான். இவர்கள் கூடுதலாகச் செய்தது, கிராமத்துப் பிள்ளைகளை, அரசுக் கல்லூரி மாணவர்களை உட்காரவைத்துக் காசு வாங்காமல் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தது. பைத்தான், வலைத்தளம் கட்டுவது, டேட்டாபேஸ், நேர்காணலில் பேசுவது வரை.

இந்த வழி மாற்றம் முக்கியமானது. அரசு, மேசைக் கணினி வழியாக லினக்ஸை நுழைக்கப் பார்த்தது. அங்கே பிரின்டரும் டாங்கிளும் பேஜ்மேக்கரும் காவல் நின்றன. வி-கிளக் போன வாசலில் அந்தக் காவலே இல்லை. சென்னை ஓஎம்ஆரில் வேலை தரும் கம்பெனியின் சர்வரில் ஓடுவது லினக்ஸ், கேட்பது பைத்தானும் மைஎஸ்க்யூஎல்லும். சர்வரில் போட்டி எப்போதோ முடிந்துவிட்டது. லினக்ஸைப் புற்றுநோய் என்று 2001-ல் திட்டிய மைக்ரோசாஃப்ட்டே 2016-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷனில் உறுப்பினராகி, 2018-ல் 750 கோடி டாலருக்கு, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்பை வாங்கிக்கொண்டது. விழுப்புரத்துப் பிள்ளைக்கு லினக்ஸ் கொள்கையாக வரவில்லை, சம்பளமாக வந்தது. கொள்கை பிறகு ஒட்டிக்கொண்டது, சிலருக்கு.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இங்கே இன்னொரு துணையும் கிடைத்தது. 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழ், லினக்ஸ், மைஎஸ்க்யூஎல், பிஎச்பி போன்றவற்றை எளிய தமிழில் தொடர்களாக வெளியிட்டு, மின்னூல்களாகவும் இலவசமாகத் தந்தது. ஆங்கிலப் புத்தகத்தைக் கண்டு மிரண்ட மாணவருக்கு அது எவ்வளவு பெரிய கைப்பிடி என்பது கிராமத்துக் கல்லூரியில் பாடம் எடுத்தவர்களுக்குத் தெரியும். விண்டோஸ் உலகத்தில் இதற்கு இணையாகத் தமிழில் ஒன்று வந்ததாக நான் பார்க்கவில்லை.

டி.டி.பி. கடை மாறியதா என்றால், இல்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. அடோபியே அதைக் கைகழுவி ஏழாம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது 2000-களின் தொடக்கத்தில். யூனிகோடை அரசின் குறியீடாக ஏற்றுத் தமிழ்நாடு 2010 ஜூனில் ஆணையிட்டது. ஆனாலும் கல்யாணப் பத்திரிகை பேஜ்மேக்கரில்தான் தொடர்ந்தது, பாமினியில்தான் தொடர்ந்தது. கடையைச் சொல்லிப் பயனில்லை. 2019-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாம் அத்தியாயம் அடோபி பேஜ்மேக்கர். சில பாடம் தள்ளி, ஓப்பன் சோர்ஸ் மொழியான பிஎச்பி. நிறுவனமே கைவிட்ட மென்பொருளும் யாருக்கும் சொந்தமில்லாத மொழியும் ஒரே அட்டைக்குள். முன்னதைப் படித்தவர் திண்டிவனத்தில் கடை வைக்கலாம், பின்னதைப் படித்தவர் சென்னைக்கு ரயில் ஏறலாம். பாடத்திட்டக் குழு தெரிந்து செய்ததோ தெரியாமல் செய்ததோ, ஊரின் நிலவரத்தை இதைவிடச் சரியாகப் பதிந்த ஆவணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எக்ஸ்பியைப் போலவே, 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு நின்றது. 2025–26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி என்று அறிவித்தார்கள். அதிலும் விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ் இரண்டும் உண்டு. டாங்கிள் தொல்லை இந்தத் தலைமுறைக்கு இல்லை. செல்போன் ஹாட்ஸ்பாட்டே போதும்.

2010 ஜூன் ஆணையில் யூனிகோடோடு டேஸ்-16 என்ற இன்னொரு குறியீடும் இருந்தது. பலரும் மறந்துவிட்ட அந்தச் சண்டையை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)